மூன்று மாதத்துக்கு முந்தைய வெயில்

சித்திரைக் கடைசியில் தொடங்கி ஆடி முடியும்வரை எங்கள் ஆய்வகத்தில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். கேட்பவர் பெரும்பாலும் கணவராக இருப்பார். ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். மனைவி டாக்டர் அறைக்குள் போன நேரம் பார்த்து என்னிடம் வருவார். "மேடம், இது வெயிலால இருக்குமா?"

நான் திருச்சியில் ஒரு குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தில் எம்பிரியாலஜிஸ்ட். விந்து மாதிரியைப் பரிசோதிப்பது, சினைமுட்டையோடு விந்தணுவைச் சேர்ப்பது, உருவான கருவை ஐந்து நாள் வரை வளர்த்துக் கவனிப்பது, மிச்சமுள்ள கருக்களை உறைய வைப்பது எல்லாம் என் வேலை. அந்தக் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்லிவிட முடியாது. "ஆமாம்" என்றால், வெயில் தணிந்ததும் எல்லாம் தானே சரியாகும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள். "இல்லை" என்றால் அது உண்மையாகாது. கேட்டவர்களுக்கும் கேட்கக் கூச்சப்பட்டவர்களுக்கும் சேர்த்து முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

இன்றைய மாதிரி என்றைக்கு உருவானது?

முதலில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு விந்தணு ஒரே நாளில் உருவாவதில்லை. 1960-களில் கார்ல் ஹெல்லர், இவ் கிளெர்மோன் என்ற இரு ஆய்வாளர்கள் மூலச் செல்லில் தொடங்கி வாலுள்ள விந்தணுவாக முடியும் வரையிலான காலத்தை அளந்தார்கள். சுமார் 74 நாள் என்று வந்தது. அதன் பிறகு விரையின் பின்புறம் சுருண்டு கிடக்கும் மெல்லிய நீண்ட குழாயில் அது சில நாள் முதல் இரண்டு வாரம் வரை தங்குகிறது. நீந்தும் திறனை அங்கேதான் பெறுகிறது. 2006-இல் வேறொரு முறையில் அளந்தபோது காலம் இன்னும் சற்றுக் குறைவாக வந்தது. ஆளுக்கு ஆள் வேறுபாடும் தெரிந்தது. பொதுவாக இரண்டரை முதல் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் லால்குடிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். இந்தக் கணக்கை எங்கள் அப்பாவுக்கு நெல்லை வைத்துத்தான் விளக்கினேன். நெல் பூக்கும் நாளில் வெயில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டு மணி பிடிக்காது. அந்தச் சேதம் அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. அறுத்துத் தூற்றும்போதுதான் பதராகத் தெரியும். விந்துப் பரிசோதனையும் அப்படித்தான். இன்று நான் மைக்ராஸ்கோப்பில் எண்ணுவது இன்றைய உடம்பின் நிலையை அல்ல. போன மூன்று மாதத்தில் அந்த உடம்பு பட்ட பாட்டின் கணக்கு அது.

எனவே கார்த்திகை மாதத்துக் குறைவுக்கு அந்த வாரத்துக் குளிரைக் காரணம் சொல்ல முடியாது. நம் ஊர்க் கணக்கில் இதைப் போட்டுப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. ஆனியிலும் ஆடியிலும் எடுக்கும் மாதிரியில் இருக்கும் அணுக்கள் சித்திரையிலும் வைகாசியிலும், அதாவது கத்திரி வெயில் கொளுத்தும் நாட்களில், உருவாகத் தொடங்கியவை. ஆடிக் காற்று குளிர்ந்து வீசினாலும் மாதிரிக்குள் இருப்பது கத்திரி வெயில்தான்.

புதுமணத் தம்பதியை ஆடியில் பிரித்து வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிரசவம் வரும், அந்த வெயிலைத் தாயும் பிள்ளையும் தாங்க மாட்டார்கள் என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். அந்தக் கணக்கு பிரசவத்தைப் பற்றியது. நான் சொல்வது கரு தங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்தைப் பற்றியது. ஆணின் உடம்பில் நடப்பதால் இந்தப் பகுதியை வீட்டில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

வெப்பம் ஏன் ஆகாது?

உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி. விரைகள் வேலை செய்ய அதைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். அவை வயிற்றுக்கு வெளியே ஒரு பையில் தொங்குவது அதற்காகத்தான். குளிரில் அந்தப் பை சுருங்கி உடலோடு ஒட்டிக்கொள்ளும். வெயிலில் தளர்ந்து இறங்கும். அதன் தோலில் கொழுப்பு இல்லை, வியர்வைச் சுரப்பிகள் நிறைய உண்டு. விரைக்குச் சூடான ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனியைச் சுற்றிக் குளிர்ந்த ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகள் வலையாகப் பின்னியிருக்கின்றன. உள்ளே போகும் ரத்தம் வழியிலேயே அவற்றிடம் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறது.

இந்த ஏற்பாடு கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நோய்கள் சாட்சி. ஒன்று வெரிகோசீல். அந்தச் சிரைகள் வீங்கி, ரத்தம் தேங்கி, சூடு தணியாமல் போவது. ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. குழந்தையின்மைக்காக வரும் ஆண்களிடம் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் காணப்படுகிறது. மற்றொன்று, பிறந்த ஆண் குழந்தைக்கு விரை கீழே இறங்காமல் வயிற்றிலேயே தங்கிவிடுவது. ஆறு மாதத்துக்குள் அது தானாக இறங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டி, ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சையை முடித்துவிட வேண்டும். "பெரியவனானா சரியாயிடும்" என்று விட்ட வீட்டுப் பிள்ளைகள் முப்பது வயதில் என் ஆய்வகத்துக்கு வருகிறார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த ஒரு வரிக்காகவாவது இந்தக் கட்டுரையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செல்லுக்குள் நடப்பது இது: மூலச் செல்கள் ஓரளவு சூட்டைத் தாங்கும். மரபுப் பொருளைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் கட்டத்தில் இருக்கும் செல்களும், அடுத்து வரும் உருண்டைச் செல்களும்தான் தாங்குவதில்லை. சில அழிகின்றன. பிழைப்பவற்றில் சிலவற்றின் டிஎன்ஏ இழை அறுபடுகிறது. எண்ணிக்கை குறைவது, ஓட்டம் மந்தமாவது, தலை கோணலான அணுக்கள் கூடுவது என்று ரிப்போர்ட்டில் நாங்கள் எழுதும் மூன்று குறைகளும் இங்கிருந்து வரலாம்.

சான் அன்டோனியோவிலும் பெர்ஷேபாவிலும்

பருவத்துக்கும் விந்துத் தரத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியை அமெரிக்காவின் வெப்பமான தென்மாநிலங்களில் ரிச்சர்ட் லெவின் என்ற ஆய்வாளர் விடாமல் துரத்தினார். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ பகுதியில் வெளியிடங்களில் வேலை செய்யும் 131 ஆண்களின் மாதிரிகளைக் குளிர்காலத்திலும் கோடையிலும் எடுத்து ஒப்பிட்டார். 1990-இல் வெளியான முடிவின்படி, கோடையில் விந்தணு அடர்த்தி 32 சதவீதமும், மொத்த எண்ணிக்கை 24 சதவீதமும், நீந்தும் அணுக்களின் அடர்த்தி 28 சதவீதமும் குறைந்திருந்தன.

இத்தோடு நிறுத்தியிருந்தால் வெயில்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிடலாம். லெவின் நிறுத்தவில்லை. ஏசி அறையில் வேலை செய்யும் ஆண்களையும் அதே மாதிரி பரிசோதித்தார். அவர்களிடமும் கோடையில் தரம் குறைந்தது. 1992-இல் அதையும் வெளியிட்டார். அப்படியென்றால் நேரடி வெயில் மட்டுமே காரணம் அல்ல. பகலின் நீளம், அதற்கேற்ப மூளை சுரக்கும் மெலடோனின், மற்ற ஹார்மோன்கள், வாழ்க்கை முறை என்று வேறு காரணங்களும் இருக்கக்கூடும். ஒரு விஞ்ஞானி தனக்குச் சாதகமான முடிவோடு வீட்டுக்குப் போகாமல் அடுத்த கேள்வியையும் கேட்டதால்தான் இது நமக்குத் தெரிகிறது. அதற்காகவே இந்த இரண்டு ஆய்வுகளையும் நான் மதிக்கிறேன்.

இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்து நகரம் பெர்ஷேபா. அங்கே 6,455 மாதிரிகளை அலசிய ஆய்வு 2013-இல் வந்தது. இயல்பான எண்ணிக்கை உள்ள ஆண்களிடம் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் எண்ணிக்கையும் வேகமாக நீந்தும் அணுக்களின் பங்கும் மேலாக இருந்தன. ஏற்கெனவே எண்ணிக்கை குறைந்தவர்களிடம் இந்த ஒழுங்கு இதே வடிவில் தெரியவில்லை. அவர்களிடம் ஓட்டம் இலையுதிர் காலத்தில் மேலாக இருக்கும் போக்கு தென்பட்டது. சிகிச்சைக்கு வருபவர்களில் பலர் இந்த இரண்டாவது கூட்டம் என்பதால், "குளிர் வரட்டும், ஏறிவிடும்" என்று அவர்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

இயற்கையாகக் கருத்தரிப்பதிலும் பருவத்தின் கை இருக்கிறது. வட அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் குழந்தைக்கு முயன்ற பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020-இல் வெளியானது. நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் கருத்தரிக்கும் வாய்ப்பு உச்சத்தில் இருந்தது. டென்மார்க்கில் இந்த ஏற்றத்தாழ்வு சிறியது. அமெரிக்காவின் வெப்பம் மிகுந்த தெற்குப் பகுதிகளில் மிகப் பெரியது. அமெரிக்காவின் பல பத்தாண்டுப் பிறப்புப் பதிவுகளை வெப்பநிலையோடு ஒப்பிட்ட பொருளியலாளர்கள், கடும் வெயில் நாட்கள் கூடினால் எட்டு முதல் பத்து மாதம் கழித்துப் பிறப்புகள் குறைவதையும், அதில் ஒரு பகுதி அடுத்த மாதங்களில் ஈடாவதையும் 2018-இல் காட்டினார்கள். தள்ளிப்போன பிறப்புகள் எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை.

ஐவிஎஃப் அறைக்குள் பருவம் வருமா?

ஐவிஎஃப், அதாவது உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை, நடக்கும் எங்கள் ஆய்வக அறையில் வெப்பம், ஈரம், காற்றின் தூய்மை எல்லாம் கட்டுக்குள் இருக்கும். இன்குபேட்டரில் கருக்களுக்கு வருடம் முழுவதும் 37 டிகிரிதான். கத்திரியும் மார்கழியும் அங்கே நுழைய முடியாது. ஆனால் சினைமுட்டையும் விந்தணுவும் வெளியே, வெயிலும் இருட்டும் உள்ள உடம்புகளில் உருவாகித்தான் உள்ளே வருகின்றன.

இதை அழகாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து 2023-இல் வந்தது. 2013 முதல் 2021 வரை ஒரே மையத்தில் செய்த 3,659 உறைகரு மாற்றங்களை எடுத்துக்கொண்டார்கள். கருவை உறைய வைத்துப் பல மாதம் கழித்து மாற்றுவதால், முட்டை எடுத்த பருவம் வேறாகவும் கரு மாற்றிய பருவம் வேறாகவும் இருக்கும். அதனால் இரண்டையும் தனித்தனியே அளக்க முடிந்தது. அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. கோடையில் எடுத்த முட்டைகளிலிருந்து வந்த கருக்களுக்கு, இலையுதிர் காலத்தில் எடுத்தவற்றைவிட உயிருள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு விகிதம் (odds, அதாவது பிறந்தவற்றுக்கும் பிறக்காதவற்றுக்கும் உள்ள விகிதம்) 30 சதவீதம் கூடுதல். கரு எந்தப் பருவத்தில் கருப்பைக்குப் போனாலும் இது மாறவில்லை. முட்டை எடுத்த நாளில் சூரிய ஒளி நேரம் மிகுந்திருந்தால் வாய்ப்பு கூடியது. கரு மாற்றிய நாளில் வெப்பம் அதிகமாக இருந்தால் அதே விகிதம் 18 சதவீதம் குறைந்தது.

இந்த 30 சதவீதத்தைப் படித்துவிட்டு என்னிடம் ஓடி வந்த தம்பதிகள் உண்டு. 100 மாற்றங்களுக்கு 26 குழந்தைகள் என்பது 31 ஆனது என்பதே அதன் பொருள். பெர்த்தின் கோடை வறண்டது. திருச்சியின் வைகாசியும் சென்னையின் வைகாசியும்கூட ஒன்றல்ல. அங்கே தெளிவாகத் தெரிந்தது முட்டையின் பருவம். விந்தணுவைப் பற்றிய தீர்ப்பு அல்ல. இங்கிலாந்தின் லிவர்பூலில் பகல் நீண்ட மாதங்களில் ஐவிஎஃப் முடிவுகள் மேலாக இருந்ததாக 2006-இல் எழுதினார்கள். பருவமே பொருட்டல்ல என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. ஆகவே ஒரு ஊரின் காலண்டரை இன்னொரு ஊரின் சுவரில் மாட்டிக்கொள்ள முடியாது.

விந்தணு எண்ணிக்கை குறைந்திருந்தாலும் சிகிச்சை நிற்காது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பெல்ஜியத்தின் பிரசல்ஸில் 1992-இல் வெற்றி கண்ட இக்சி முறையில், ஒரு முட்டைக்கு நல்ல ஒரே ஒரு விந்தணு போதும். அதைத் தேர்ந்து ஊசியால் உள்ளே செலுத்திவிடுகிறோம். எண்ணிக்கையில் பருவம் செய்யும் குறைவை இது பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். விந்தைக் கருப்பைக்குள் செலுத்திய பிறகு அணு நீந்திப் போய்ச் சேர வேண்டிய ஐயுஐ சிகிச்சையிலும், வீட்டில் இயற்கையாக முயலும் தம்பதிக்கும்தான் எண்ணிக்கையும் ஓட்டமும் அதிகம் தேவைப்படும்.

காலண்டர் வெயிலும் வேலை வெயிலும்

நம் ஊரில் பருவத்தைவிடப் பெரிய வெப்பம் ஒன்று இருக்கிறது. அது சிலருக்குப் பன்னிரண்டு மாதமும் தணிவதில்லை.

நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் வைகாசியில் வந்தார். மில்லிக்கு 90 லட்சம் அணுக்கள். நீந்துபவை கால்வாசிகூட இல்லை. கூட வந்த அவருடைய அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "என் மவனுக்கு என்னம்மா குறை? ஒத்த ஆளா பம்பாய் வரைக்கும் வண்டி ஓட்டுறவன்." நான் அவரை உட்கார வைத்துச் சொன்னேன்: "அம்மா, அந்த வண்டி ஓட்டுறதுலதான் ஒரு பங்கு இருக்கலாம். என்ஜின் சூடு, ஒரே உட்கார்ந்த இருப்பு, நாள் முழுக்க இறுக்கமான ஜீன்ஸ். குறை உங்க பிள்ளைகிட்டயும் இல்ல, உங்க மருமககிட்டயும் இல்ல. உழைப்போட சூடும்மா அது."

இது ஆறுதலுக்காகச் சொன்னது அல்ல. பிரான்ஸின் துலூஸில் கார் ஓட்டுபவர்களுக்கு விரைப்பையின் வெப்பத்தை அளந்தபோது இரண்டு மணி நேரத்திலேயே ஏறத்தாழ 2 டிகிரி ஏறியது. மடியில் லேப்டாப் வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டரை டிகிரிக்கு மேல் ஏறுவதை 2005-இல் நியூயார்க்கில் காட்டினார்கள். இத்தாலியில் பீங்கான் சூளையில் நிற்பவர்களுக்குக் குழந்தை பிறக்கத் தாமதமாவதும், டென்மார்க்கில் வெல்டிங் செய்பவர்களின் விந்துத் தரம் வேலைச் சூட்டால் குறைவதும் பதிவாகியிருக்கின்றன. பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்கும் மாஸ்டர், பாய்லர் பக்கம் நிற்கும் சாயப்பட்டறைத் தொழிலாளி, செங்கல் சூளையில் கல் அடுக்குபவர் ஆகியோரை வைத்தே நம் ஊரில் இதைப் படித்துக்கொள்ளலாம்.

நல்ல செய்தியும் இந்த ஆய்வுகளிலேயே இருக்கிறது. இத்தாலியின் படுவா பல்கலைக்கழகக் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான ஆண்கள் பத்துப் பேர் மூன்று மாதம் வாரம் இருமுறை சவுனா என்னும் வெப்ப அறையில் உட்கார்ந்தார்கள். எண்ணிக்கையும் ஓட்டமும் இறங்கின. நிறுத்திய பிறகு ஆறு மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பின. அமெரிக்காவில் 656 ஆண்களிடம் கேட்டறிந்த 2018 ஆய்வில், தொளதொளவென்ற உள்ளாடை அணிபவர்களின் விந்தணு அடர்த்தி இறுக்கமாக அணிபவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். வெயிலை மாற்ற முடியாது; வேட்டியோ கைலியோ கட்டிக்கொள்ள முடியும்.

அந்த டிரைவரைக் கார்த்திகையில் மறுபடி பரிசோதித்தபோது எண்ணிக்கை மில்லிக்கு 2 கோடியைத் தாண்டியிருந்தது. வெயில் தணிந்தது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இடையில் சிகரெட்டை விட்டிருந்தார். தூர ஓட்டங்களைக் குறைத்திருந்தார். எதுவும் மாறாமலேயே ஒரே ஆணுக்கு ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் பெரிய வேறுபாடு வருவதும் உண்டு. முதல் ரிப்போர்ட்டை வைத்து அவருக்குத் தீர்ப்பு எழுதியிருந்தால் தப்பாகப் போயிருக்கும் என்பது மட்டும் உறுதி.

மழைக்காலத்துக்கும் ஒரு சூடு உண்டு

வெயில் போய் மழை வந்தால் பிரச்சினை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை டெங்குக் காய்ச்சல் காலம். நான்கைந்து நாள் 103 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் அடித்தால் விரைகளின் சூடும் அதோடு ஏறும். டென்மார்க்கில் மாதாமாதம் மாதிரி கொடுத்த ஆண்களைக் கவனித்தபோது, விந்தணு உருவாகும் முக்கியக் கட்டத்தில் காய்ச்சல் வந்திருந்தால் அடர்த்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இது 2003-இல் வெளியானது. ஆகவே தையில் வரும் மோசமான ரிப்போர்ட்டுக்குக் காரணம் கார்த்திகைக் காய்ச்சலாக இருக்கலாம். மாதிரி கொடுக்க வருபவரிடம் நான் முதலில் கேட்பது, "தம்பி, கடந்த மூணு மாசத்துல காய்ச்சல்னு படுத்தீங்களா?" என்றுதான். யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் அளவுகள் இவை: மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள், மொத்தம் 3.9 கோடி, அசைபவை 42 சதவீதம், வடிவம் சரியானவை 4 சதவீதம். 100-க்கு 4 என்று பார்த்ததும் பதறுபவர்கள் பலர்; 4 போதும். ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை வரிசைப்படுத்தி, அதில் கடைசி 5 சதவீதத்தினர் எங்கே நிற்கிறார்களோ அந்தக் கோட்டை எடுத்து இந்த அளவாக வைத்திருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தவர்களுக்கும் குழந்தை பிறந்திருக்கிறது என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரு மாதிரி குறைவாக வந்தால் இன்னொன்று கொடுங்கள். கடும் வெயிலிலோ காய்ச்சலுக்குப் பிறகோ எடுத்ததென்றால், மருத்துவரோடு பேசி மூன்று மாதம் கழித்து ஒன்று எடுத்துப் பார்ப்பது நல்லது. மாதிரிக்கு முன் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். முடிந்தவரை ஆய்வகத்திலேயே கொடுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்தால் ஒரு மணி நேரத்துக்குள், வெப்பம் 20 முதல் 37 டிகிரிக்குள் இருக்கும்படி வந்து சேர வேண்டும். சித்திரை மதியத்தில் பைக் டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தால், உடம்புக்குள் நன்றாக இருந்ததும் வழியிலேயே செத்துவிடும். அப்புறம் அந்த ரிப்போர்ட் சொல்வது டிக்கியின் சூட்டைத்தான்.

"உடம்புச் சூட்டைக் குறைக்கும்" என்று விற்கும் லேகியங்களுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். நுங்கும் இளநீரும் தாகத்துக்கு நல்லவை; கவுண்ட்டுக்கு மருந்து அல்ல. ஜிம்மில் கொடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தொடவே வேண்டாம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை தன் கட்டளையை நிறுத்திக்கொள்ளும். விந்தணு உற்பத்தி அடியோடு நின்றுகூடப் போகும்.

காத்திருக்கலாமா?

இனி, நான் மிகவும் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். இருபத்தேழு வயது மனைவி, திருமணமாகி ஓராண்டு, கணவருக்குக் கோடையில் சற்றுக் குறைந்த எண்ணிக்கை என்றால் மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. மனைவிக்கு முப்பத்தேழு என்றால் கதை வேறு. முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் 35-க்குப் பிறகு வேகமாகச் சரியும். பருவம் தரக்கூடிய சிறிய லாபத்துக்காக மாதங்களைக் கொடுப்பது அவருக்குக் கட்டுப்படியாகாது. 'நல்ல சீசன்' என்று நாள் குறித்துக் காத்திருக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும், காரணத்தைக் கேளுங்கள்.

வெப்பத்தின் சுமையைப் பெண்ணும்தான் சுமக்கிறாள் என்பதையும் மறக்கக் கூடாது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரண்டு மடங்கு என்று சொன்னது. உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் குழந்தையின்மைப் பிரச்சினை வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதியில் ஆணுக்கும் பங்கு உண்டு. அப்படியிருந்தும் நம் வீடுகளில் மனைவிக்கு ஸ்கேனும் ஊசியும் கோயிலும் விரதமும் முடிந்த பிறகே கணவருக்குப் பரிசோதனை. சில நூறு ரூபாயில் ஒரு மணி நேரத்தில் முடியும் பரிசோதனை அது.

எனவே "இது வெயிலால இருக்குமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இருக்கலாம், ஓரளவுக்கு. வெயிலாக இருந்தால் அது திரும்பக்கூடியது, ஆகவே வெட்கப்படாதீர்கள். வெயிலாக இல்லாமலும் இருக்கலாம். ஆகவே பரிசோதனையை விடாதீர்கள். கணவனும் மனைவியும் முதல் நாளே சேர்ந்து வாருங்கள். வேலை கொடுப்பவர்கள் சூளைக்கும் அடுப்புக்கும் முன்னால் நிற்பவர்களுக்குக் காற்றும் நிழலும் தண்ணீரும் இடைவேளையும் கொடுக்கட்டும். குழந்தை வேண்டும் என்று உழைத்துச் சேர்த்த காசோடு எங்களிடம் வருகிற பலருக்கு அந்த உழைப்பே தடையாக நிற்பதை நான் பார்க்கிறேன். அதை மாற்றுவது சிகிச்சை அறையில் மட்டும் நடக்கிற காரியம் அல்ல.